தொட்டா விசில்னா டஃப் டிஃபென்ஸ் செத்துடுமா? காலேஜ் பாஸ்கெட்பால்ல நடந்தது என்ன

கேட்டிருக்க கேள்வி இதுதான்: அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல ஃபவுல் ரூலை வருஷா வருஷம் இறுக்கிட்டே போறாங்க, கை வெச்சா விசில், மோதினா விசில், இப்படியே போனா உடம்பைப் போட்டு ஆடுற டிஃபென்ஸ்னு ஒண்ணு மிஞ்சுமா, இல்ல மேட்ச் முழுக்க ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடா, யாரும் தடுக்காம கோட்டுல நின்னு போடற ஒரு பாயின்ட் ஷாட்) பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?

சுருக்கமா சொன்னா, சாகல, இடம் மாறிடுச்சு. முன்னாடி ஒருத்தன் கையால செஞ்ச வேலையை இப்ப அவன் காலும் நெஞ்சும் மிச்ச நாலு பேரும் சேர்ந்து செய்யறாங்க. அதை விட முக்கியமான விஷயம், ரூல் புக்ல என்ன எழுதியிருக்குங்கறது பாதிதான், சீசன் ஆரம்பிக்கற நவம்பர்ல ஊதின விசிலை ரெஃப்ரி பிப்ரவரிலயும் ஊதுறாராங்கறதுதான் மீதி. இதுக்கு 2013-14 சீசனை விட நல்ல உதாரணம் கிடையாது, அதனால அதை வெச்சே சொல்றேன்.

முதல்ல அதுக்கு முந்தின நிலைமை. 2012-13ல ஒரு டீம் ஒரு மேட்ச்ல சராசரியா எடுத்தது வெறும் 67.5 பாயின்ட், 1951-52க்கு அப்புறம் அவ்ளோ கம்மி அப்பதான். அந்த சீசன்ல ஜார்ஜ்டவுன் டென்னஸியை 37-36னு ஜெயிச்சுது, ஹாஃப் டைம் ஸ்கோர் இல்லீங்க, ஃபைனல் ஸ்கோர். நார்தர்ன் இல்லினாய் டீம் ஈஸ்டர்ன் மிச்சிகனோட ஆடுன மேட்ச்ல முதல் பாதி இருபது நிமிஷத்துல நார்தர்ன் இல்லினாய் எடுத்தது மொத்தமே 4 பாயின்ட். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 2011 ஃபைனல்ல பட்லர் 64 ஷாட் போட்டு 12தான் உள்ள போச்சு, கனெக்டிகட் 53-41னு கப் எடுத்துட்டு போனாங்க. இதெல்லாம் டிஃபென்ஸோட மகிமைன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அதுல பெரிய உடன்பாடு இல்ல, ஏன்னா அதே 2012-13ல ஒரு டீமுக்கு ஒரு மேட்ச்க்கு ஃபவுல் எண்ணிக்கை 17.7தான், அதுவரைக்கும் பதிவானதுலயே கம்மி. அடி உதை அதிகமாச்சு, விசில் கம்மியாச்சு, ஸ்கோர் விழுந்துச்சு, மூணும் ஒண்ணா நடந்தா என்ன அர்த்தம்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

இப்ப அந்த கை என்னதான் பண்ணுதுன்னு பாக்கணும், ஏன்னா ஆடாதவங்களுக்கு இது புரியறது கஷ்டம், டிவில பாத்தா சும்மா இடுப்புல கை வெச்ச மாதிரிதான் தெரியும். ட்ரிப்பிள் பண்றவன், அதாவது பாலைத் தட்டிட்டே ஓடறவன் இடுப்புல டிஃபெண்டர் கை வெச்சா ரெண்டு லாபம். ஒண்ணு தகவல். அவன் எந்தப் பக்கம் பாயப்போறான்னு இடுப்பு முதல்ல திரும்பும், கண்ணு அதைப் பாத்து மூளை காலுக்கு சொல்றதுக்குள்ள கை அதை உணர்ந்துடும். ரெண்டாவது நேரம். பாயற நொடில லேசா ஒரு தள்ளு, வெளிய யாருக்கும் தெரியாது, ஆனா நேரா போக வேண்டியவன் அரையடி வெளிப்பக்கமா வளைஞ்சு போவான், அந்த அரையடிக்குள்ள உள்ள நிக்கிற ஹெல்ப் ஆள் வந்து சேர்ந்துடுவான். கால் மெதுவா இருக்க ஒரு டிஃபெண்டரை இந்த ரெண்டும் காப்பாத்திடும், நாலு வருஷம் ஸ்டார்ட்டராவே ஆட வெச்சிடும். முழங்கையை மடக்கி முன்கையைக் குறுக்க வெச்சு தடுக்கற ஆர்ம் பார் இதோட பெரியண்ணன், போஸ்ட்ல, அதாவது ரிங்குக்குப் பக்கத்துல, முதுகு காட்டி நிக்கற சென்டரை அதை வெச்சுதான் ரிங்கை விட்டு தள்ளி நிறுத்துவாங்க.

2013-14க்கு என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்டுகளை நடத்தற அமைப்பு) செஞ்சது புதுசா ஒரு ரூல் கண்டுபிடிச்சதுன்னு சொல்ல முடியாது, ஏற்கனவே ரெஃப்ரிகளுக்கான வழிகாட்டுதலா பின்னாடி எங்கயோ கிடந்ததைத் தூக்கி ரூலாவே போட்டாங்க. பால் வெச்சிருக்கவன் மேல கையையோ முன்கையையோ வெச்சு எடுக்காம இருந்தா ஃபவுல், ரெண்டு கையையும் வெச்சா ஃபவுல், வெச்சு எடுத்து வெச்சு எடுத்து குத்திட்டே இருந்தாலும் ஃபவுல், ஆர்ம் பார் போட்டு வழி மறிச்சாலும் ஃபவுல். இதால அவனுக்கு பாதிப்பு வந்துச்சா இல்லையான்னு ரெஃப்ரி யோசிக்கவே வேண்டாம், பாத்தா ஊதிடணும். இந்தக் கடைசி விஷயம்தான் நிஜமான மாற்றம். அதுவரைக்கும் 'பரவால்ல, அவன் போயிட்டானே, விட்டுடலாம்'னு ஒரு சௌகரியம் ரெஃப்ரிக்கு இருந்துச்சு, அதைப் பிடுங்கிட்டாங்க.

ஆரம்பம் கொஞ்சம் கொடுமைதான். அந்த நவம்பர்ல சீட்டன் ஹாலும் நயாகராவும் ஆடுன மேட்ச்ல 73 ஃபவுல், 102 ஃப்ரீ த்ரோ. நாப்பது நிமிஷ மேட்ச்ல நூத்தி ரெண்டு தடவை ஒருத்தன் கோட்டுல நின்னு பாலைத் தட்டி மூச்சு விட்டு போடறான்னா அதைப் பாத்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கோச்சுகள் புலம்பினாங்க, டிவில கமென்டரி பண்றவங்க புலம்பினாங்க.

ஆனா கோச்சுகளை மாத்தினது புலம்பல் இல்ல, கணக்கு. காலேஜ் லெவல்ல ஃப்ரீ த்ரோ சராசரி பல வருஷமா நூத்துக்கு எழுபது பக்கத்துலயேதான் நிக்குது. ரெண்டு ஷாட் குடுத்தா 1.4 பாயின்ட். சாதாரணமா ஒரு பொஸஷன்ல, அதாவது பால் ஒரு தடவை கைக்கு வந்தா, ஒரு டீம் எடுக்கறது ஒரு பாயின்ட்டை ஒட்டிதான் இருக்கும். அப்ப நல்லா டிஃபென்ஸ் பண்ணி கடைசில ஒரு ஃபவுல் குடுக்கறது, சாதாரண பொஸஷன்ல விட்டுக் குடுக்கறதை விட மோசம். ஆண்கள் காலேஜ்ல இன்னொரு சிக்கல், மேட்ச் ரெண்டு பாதிதான், கால் கால் பகுதியா இல்ல, ஒரு பாதில ஏழாவது டீம் ஃபவுல்ல ஒன் அண்ட் ஒன், அதாவது முதல் ஷாட் போனாதான் ரெண்டாவது, அதுவே கணக்குப் போட்டா 1.19 பாயின்ட் வருது, பத்தாவது ஃபவுல்ல இருந்து நேரா ரெண்டு ஷாட். முதல் பத்து நிமிஷத்துல ஏழு ஃபவுலை வாங்கிட்டா மிச்ச பத்து நிமிஷம் எதிராளி ரிங்குக்குப் போகவே வேண்டாம், உங்க மேல சாஞ்சாலே போதும். நம்ம ஊர்ல ஃபிபா (உலக பாஸ்கெட்பால் அமைப்பு) ரூல்ல ஆடிப் பழகினவங்களுக்கு இது விசித்திரமா இருக்கும், இங்க ஒவ்வொரு குவார்ட்டருக்கும் எண்ணிக்கை சைபர்ல இருந்து ஆரம்பிக்குது, அதனால ஒரு குவார்ட்டர் கெட்டாலும் அடுத்தது தப்பிச்சுடலாம். பெண்கள் காலேஜ் மேட்சும் 2015-16ல குவார்ட்டருக்கு மாறிடுச்சு, ஆண்கள்ல பாதிக்கணக்குதான் ரொம்ப காலமா ஓடிட்டு இருக்கு.

சரி, இந்த ரூலால யார் செத்தா, யார் பொழைச்சா?

அந்த சீசன் ஆரம்பத்துல எல்லாரும் கேட்ட பேரு ஆரன் க்ராஃப்ட். ஒஹையோ ஸ்டேட் பாயின்ட் கார்ட், எதிராளி சட்டைக்குள்ளயே குடியிருக்கற டைப், எதிர் டீம் ரசிகர்களுக்கு அவனைக் கண்டாலே ஆகாது, கை வெச்சு கை வெச்சுதான் ஆடறான்னு குறை. புது ரூல்ல இவன் கதை முடிஞ்சுதுன்னுதான் பல பேர் நினைச்சாங்க. நடந்தது என்னன்னா 2014ல அவன் டீம் ஆடற பிக் டென் லீக்கோட சிறந்த டிஃபெண்டர் விருது ரெண்டாவது தடவையா அவனுக்கே போச்சு (முதல் தடவை 2012), தேசிய அளவுல கோச்சுகள் சங்கம் குடுக்கற விருதும் அவனுக்குத்தான். காரணம் ரொம்ப சிம்பிள், கை அவனுக்கு கூடுதல் வசதிதான், அடிப்படை கால்ல இருந்துச்சு. ட்ரிப்ளர் முதல் அடி வைக்கறதுக்குள்ள இவன் நெஞ்சு அங்க போய் நிக்கும், மோதினா மோதட்டும், முன்னாடியே போய் நேரா நிக்கறவன் மேல மோதினா அது டிஃபெண்டரோட ஃபவுல் இல்லயே. காலும் இல்லாம கையும் போனவங்கதான் பென்ச்சுக்குப் போனாங்க, அவங்க பேரு நமக்கு ஞாபகம் இல்லாம போனதுக்கும் அதான் காரணம்.

டீம் அளவுல பாக்கணும்னா வர்ஜீனியா. டோனி பென்னட் அவங்க அப்பா டிக் பென்னட் கிட்ட இருந்து எடுத்துகிட்ட பேக் லைன் டிஃபென்ஸ், இந்த ரூலுக்குன்னே தெச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா ரூலுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. மூணு பாயின்ட் கோட்டுக்கு உள்ள, ரிங்ல இருந்து பதினாறு பதினேழு அடில ஒரு கற்பனைக் கோடு, பால் வெச்சிருக்கவன் மேல ஒருத்தன் அழுத்தம் குடுப்பான், மீதி நாலு பேரும் அந்தக் கோட்டுக்கு உள்ளயே நிப்பாங்க. ட்ரிப்ளர் உங்களைத் தாண்டிப் போனா போகட்டும், அவன் போற இடத்துல ஏற்கனவே ரெண்டு பேர் காலை ஊன்றி நிக்கறான். கை வெச்சுப் பிடிக்கணும்ங்கற தேவையே வராது. ஃபவுல் ரூல் இறுக்கின அதே 2013-14ல வர்ஜீனியா எதிராளிங்களை சராசரியா 56க்கும் கீழ நிறுத்தி நாட்டுலயே முதல் இடம், அவங்க ஆடற ஏசிசி லீக்ல முதல், 1976க்கு அப்புறம் முதல் தடவையா ஏசிசி டோர்னமென்ட் கப்பும். அவங்க மெதுவா ஆடறதால ஸ்கோர் கம்மியாதான் தெரியும், அதை ஒத்துக்கறேன், ஆனா மெதுவா ஆடற டீம் எத்தனையோ இருந்துச்சு, கப் இவங்ககிட்டதான் வந்துச்சு. அந்த ஆட்டம் உடம்பு படாத ஆட்டம்னு நினைச்சுடாதீங்க, பால் வாங்க ரிங்கை நோக்கி வெட்டி ஓடற ஒவ்வொருத்தனையும் நெஞ்சால மறிப்பாங்க, ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் இடுப்பால தள்ளி இடம் பிடிப்பாங்க, ஆனா எல்லாம் பால் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்.

இன்னொரு வழி ஜோன். ஆளைக் காவல் காக்காம இடத்தைக் காவல் காத்தா கை வைக்கற வாய்ப்பே கம்மி. சிரக்யூஸ் ஜிம் போஹைம் காலங்காலமா 2-3 ஜோன்தான் (முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர்), அந்த சீசன் 25 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சுதான் ஆரம்பிச்சாங்க. மேன் டு மேன் தவிர எதையும் தொடாத டீம்கள் கூட ஃபவுல் சிக்கல் வந்தா அஞ்சு நிமிஷம் ஜோனுக்கு ஒதுங்கறது அப்ப நிறைய பாக்கலாம், அந்த மாதிரி ஒதுங்கற ஜோன் பெரும்பாலும் கேவலமா இருக்கும், அது வேற விஷயம்.

இதுக்கு நேர் எதிர் வழி ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லாம விட்டா பதில் முழுசாகாது. வெஸ்ட் வர்ஜீனியாவோட பாப் ஹக்கின்ஸ் 2014-15ல கோர்ட் முழுக்க ப்ரெஸ் (எதிராளி பாலைக் கொண்டு வர ஆரம்பிக்கறப்பவே நெருக்கறது) போட ஆரம்பிச்சாரு, ப்ரெஸ் வர்ஜீனியான்னே பேராகிப்போச்சு. ஃபவுலைக் குறைக்கணும்ங்கற கவலையே இல்ல. ஸ்டீல் எடுக்கறதுலயும் எதிராளியைப் பாலை விட வைக்கறதுலயும் நாட்டுலயே முன்னணி, எதிராளிக்கு ஃப்ரீ த்ரோ வாரி வழங்கறதுலயும் முன்னணி. கணக்கு என்னன்னா, பத்துப் பேருக்கு மேல மாத்தி மாத்தி இறக்கினா ஃபவுல் பங்கு போட்டுக்கலாம், ஒவ்வொரு பொஸஷன்லயும் ரெண்டு மூணு ஃபவுல் நடந்தா எந்த ரெஃப்ரியும் எல்லாத்தையும் ஊத மாட்டாரு, ஊதினா மேட்ச் நடு ராத்திரி வரைக்கும் போகும். ஜெவான் கார்ட்டர் இந்தப் பட்டறைல இருந்து வந்தவன்தான், 2017, 2018 ரெண்டு வருஷமும் கோச்சுகள் சங்கத்தோட சிறந்த டிஃபெண்டர் விருது வாங்கினான். அப்ப ரூல் இறுகினா எல்லாரும் கையைக் கட்டிகிட்டு நிப்பாங்கன்னு இல்ல, சில பேர் ரெஃப்ரியோட பொறுமையையே எதிர்த்து ஆடுவாங்க, அது ஜெயிக்கவும் செய்யும். எனக்கு அந்த ஆட்டம் பாக்கப் பிடிக்கும், ஆனா அதை வெச்சு ரூல் சரியா வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்ல முடியாது.

2013-14ல இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்துச்சு, அதுல என்சிஏஏ கொஞ்சம் சறுக்கிடுச்சுன்னுதான் சொல்வேன். மோதல் நடந்தா அது பாலோட வர்றவன் ஃபவுலா (சார்ஜ்), டிஃபெண்டர் ஃபவுலா (ப்ளாக்கிங்)ன்னு வர்ற பஞ்சாயத்து. முன்னாடி ஷாட் போட வர்றவன் கால் தரையை விட்டு எழும்பறதுக்குள்ள டிஃபெண்டர் இடம் பிடிச்சு நின்னா போதும். புது ரூல்ல, அவன் பாலோட மேல்நோக்கி அசைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நின்னிருக்கணும். நோக்கம் நல்லது, கடைசி நொடில கீழ வந்து புகுந்து விழுந்து சார்ஜ் வாங்கற கலாச்சாரத்தைக் குறைக்கணும். ஆனா கால் தரையை விட்டுச்சாங்கறதை கண்ணால பாத்துடலாம், 'மேல்நோக்கி அசைவு' எப்ப ஆரம்பிச்சுதுங்கறதை எப்படிப் பாக்கறது? பாலைப் பாக்கணுமா, டிஃபெண்டர் காலைப் பாக்கணுமா, ஒரு ஜோடி கண்ணுதான் இருக்கு.

2014 பிப்ரவரி 22, ட்யூக் அரங்கம். ட்யூக் 60-58ன்னு முன்னாடி, 10.4 செகண்ட் மிச்சம். சிரக்யூஸோட சி.ஜே. ஃபேர் பேஸ்லைன்ல (ரிங்குக்குப் பின்னாடி இருக்க கோடு) ட்ரைவ் பண்ணி, அதாவது ரிங்கை நோக்கிப் பாஞ்சு எழும்பறான், ரோட்னி ஹூட் குறுக்க வர்றான், மோதல், பால் உள்ள போச்சு. ஸ்கோர் சமன்னு நினைச்சா ரெஃப்ரி டோனி க்ரீன் சார்ஜ்னு ஊதிட்டாரு, பாஸ்கெட் செல்லாது. போஹைம் கோட்டைக் கழட்டறதா என்னன்னு தெரியாம கோர்ட்டுக்குள்ளயே ஓடி வந்து கத்தி, ரெண்டு டெக்னிக்கல் (நடத்தைக்குக் குடுக்கற ஃபவுல்) வாங்கி வெளிய போனாரு, முடிவு 66-60, ஜெயிச்சது ட்யூக். அது ப்ளாக்கா சார்ஜான்னு இன்னிக்கும் ரெண்டு கட்சி உண்டு, எனக்கு அது ப்ளாக்கிங்தான். அடுத்த சீசனுக்கே அந்த மேல்நோக்கி அசைவு வார்த்தையை எடுத்துட்டு பழைய அளவுகோலுக்குத் திரும்பிட்டாங்க.

இப்ப அந்த முக்கியமான பாதிக்கு, விசில் கதைக்கு வர்றேன். 2013-14 முடிவுல ஸ்கோர் சராசரி 71 ஆச்சு, ஃபவுல் 19ஐத் தாண்டுச்சு. அப்பாடா வேலை செஞ்சுதுன்னு பாத்தா 2014-15ல ஸ்கோர் திரும்ப 67.6க்கு வந்து நின்னுச்சு. கை வைக்கற ரூல் எதுவும் தளரல, அதே வார்த்தை அதே புக்ல இருக்கு. தளர்ந்தது விசில். இதுல ரெஃப்ரிகளை மட்டும் திட்டறதுல அர்த்தம் இல்ல. அவங்க என்சிஏஏ சம்பளத்துல இருக்கவங்க இல்ல, கான்ஃபரன்ஸ்கள் (பிக் டென், ஏசிசி மாதிரி லீக்குகள்) மேட்ச் குடுத்து கூப்பிடற ஒப்பந்த ஆளுங்க, ஒரே வாரத்துல வேற வேற ஊர்ல வேற வேற கான்ஃபரன்ஸுக்கு ஊதுவாங்க. ஜனவரில கான்ஃபரன்ஸ் மேட்ச் ஆரம்பிச்சதும் ரெண்டு கோச்சும் சைட்லைன்ல கத்துவாங்க, சொந்த ஊர் கூட்டம் கத்தும், 'பசங்களை ஆட விடுங்க'ன்னு டிவில சொல்லுவாங்க, அந்த அழுத்தத்துல முதல்ல போறது லேசான ஹேண்ட் செக் (ட்ரிப்ளர் மேல கை வைக்கறது) விசில்தான். அது போனதும் அடுத்த மேட்ச்ல டிஃபெண்டர் கொஞ்சம் கூட வெச்சுப் பாப்பான். கையைத் திரும்ப வைக்கறதுக்கு யாரும் அனுமதி கேக்கறதில்ல.

அதனாலதான் 2015-16ல தனியா ஃபவுலை மட்டும் தொடாம எல்லாத்தையும் சேத்து மாத்தினாங்க. ஷாட் கிளாக் (ஒரு டீம் ஷாட் போட்டே ஆக வேண்டிய நேரம்) 35 செகண்ட்ல இருந்து 30, ரிங்குக்குக் கீழ சார்ஜ் வாங்க முடியாத அரைவட்டம் 3 அடில இருந்து 4 அடி, டைம் அவுட் கம்மி, அதோட போஸ்ட்ல தள்ளறது, கட் பண்றவனை இடிக்கறது, நகர்ந்துகிட்டே ஸ்கிரீன் போடறது (கூட்டாளியைக் காவல் காக்கறவன் வழியை உடம்பால மறிக்கறது) எல்லாத்துக்கும் ஊதணும்னு கண்டிப்பு. ஸ்கோர் 73 பக்கம் போச்சு, அதுக்கப்புறம் பழைய அறுபத்தேழுக்கு விழவே இல்ல. அதுல எவ்ளோ பங்கு கிளாக்கோடது, எவ்ளோ விசிலோடதுன்னு பிரிக்கறது கஷ்டம், மூணு பாயின்ட் ஷாட் பெருகினதும் சேர்ந்துக்குது. என் கணிப்பு, கிளாக் பெரிய உதவி, ஏன்னா அது தளராது, கூட்டம் கத்தினா அது அஞ்சு செகண்ட் கூட தராது.

இதுல அதிகம் பேசாத ஒண்ணு பெரிய ஆளுங்க கதை. வெளிய கார்ட் கை வைக்க முடியலன்னா ட்ரைவ் அதிகமாகும், ட்ரைவ் அதிகமானா உள்ள இருக்க சென்டர் ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்கணும், எழும்பறதா, நிக்கறதா, விடறதா. கார்ட் செஞ்ச தப்புக்கு சென்டர் கணக்குல ஃபவுல் ஏறும். காலேஜ்ல அஞ்சு ஃபவுல்னா வெளிய, முதல் பாதில ரெண்டு வாங்கினா நிறைய கோச்சுகள் அவனை ஹாஃப் டைம் வரைக்கும் பென்ச்ல உக்கார வெச்சிடுவாங்க (இது பல நேரம் தேவையில்லாத பயம்ங்கறது என் எண்ணம், அவன் அஞ்சாவது ஃபவுல் வாங்கி இழக்கப் போற நிமிஷத்தை நீங்களே முன்கூட்டியே இழக்கறீங்க). அதனால சென்டருக்கு இப்ப சொல்லிக் குடுக்கறது நேரா மேல எழும்பறது, ரெண்டு கையும் செங்குத்தா, நெஞ்சால மோதலை வாங்கிக்கோ, கையை மட்டும் கீழ கொண்டு வராதே. இதுவும் உடம்பைப் போட்டு ஆடறதுதான், சொல்லப்போனா வலி இதுலதான் அதிகம். பிராக்டிஸ்ல டிஃபெண்டர் ரெண்டு கைலயும் டென்னிஸ் பால் குடுத்தோ, கழுத்துல போட்ட துண்டோட ரெண்டு முனையையும் பிடிக்கச் சொல்லியோ நகர விடுவாங்க, கை இல்லாம காலால மட்டும் ஆளை முன்னாடியே வெச்சிருக்க முடியுதான்னு அதுலயே தெரிஞ்சுடும்.

தொழில்முறை லீக்கான என்பிஏல 2004-05ல இதே ஹேண்ட் செக் கண்டிப்பு வந்து ஒரே சீசன்ல ஸ்கோர் 93.4ல இருந்து 97.2க்குப் போய் அங்கயே நிலைச்சுது. அங்க முப்பது டீம், ஒரே லீக் நிர்வாகம், முழுநேர ரெஃப்ரிகள், தினமும் வீடியோ பாத்து மார்க் போடறாங்க. காலேஜ்ல முன்னூத்தம்பதுக்கு மேல டீம், முப்பதுக்கு மேல கான்ஃபரன்ஸ். ஒரே ரூல் ரெண்டு இடத்துல ரெண்டு விதமா நடந்துகிட்டதுக்கு வேற விளக்கம் தேட வேண்டாம்.

நஷ்டமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. ட்ரைவ் பண்ணி வேணும்னே டிஃபெண்டர் மேல சாஞ்சு கையைத் தூக்கி ஃபவுல் வாங்கற நடிப்பு பெருகுச்சு. ஆழமான பென்ச் இல்லாத சின்ன காலேஜ்கள் ஃபவுல் சிக்கல்ல அடி வாங்கினதும் உண்மை, எட்டாவது ஆளும் நல்லா ஆடற பெரிய டீமுக்கு அந்தக் கவலை கம்மி. சார்ஜ் விஷயமும் திரும்ப மாறிடுச்சு, 2023-24ல இருந்து எழும்பறதுக்காக கடைசிக் காலை ஊன்றறதுக்குள்ள டிஃபெண்டர் நின்னிருக்கணும், அதாவது பத்து வருஷம் முன்னாடி தோத்த யோசனையை கண்ணால பாக்கக்கூடிய ஒரு அடையாளத்தோட கொண்டு வந்திருக்காங்க, இது நல்லாவே ஓடுது. 2025-26ல, ட்ரிப்பிளை முடிச்சு ரிங்கை நோக்கிப் போறவன் இடி வாங்கினாலும் எடுத்து வெச்ச அடியை முடிச்சு ஷாட் போட்டா அது கணக்குல சேரும்னு வந்திருக்கு. இது பழைய ஒரு பழக்கத்தைக் குறி வெக்குது, தாண்டிப் போனவனைப் பின்னாடி இருந்து லேசா ஒரு தட்டு தட்டி, ஷாட் போடறதுக்கு முன்னாடி ஃபவுல்னு சொல்லி சும்மா சைட்ல இருந்து பால் போட வைக்கற வேலை. இனிமே அந்தத் தட்டுக்கு ரெண்டு பாயின்ட்டும் ஒரு ஃப்ரீ த்ரோவும் விலையா வரலாம், அதனால கோச் என்ன சொல்லுவாருன்னா, தாண்டிட்டானா, தொடாம விட்டுடு, அடுத்த தடவை தாண்டாம பாத்துக்கோ.